கைதட்டலும் இசைமேதை ஹைடனும்

பாடி முடித்தவுடன் கேட்டவர்கள் பாராட்டினால், பாடியவர் என்ன செய்ய வேண்டும்? எளிய கேள்விதான். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் பங்கு ஆலயத் திருவிழாவன்று இந்த எளிய கேள்விக்கு எனக்கு விடை தெரியாமல் போயிற்று. அன்று திருப்பலியில் தனித்துப் பாடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வெளியே வந்தபோது வயதான பாட்டி ஒருவர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, பாட்டு மனத்தைத் தொட்டதாகச் சொல்லி என் நெற்றியில் சிலுவை வரைந்தார். நானோ வெட்கத்தால் தலையைக் குனிந்துகொண்டு, நான் சரியாகவே பாடவில்லை என்றும், இரண்டாம் அடியில் சுருதி விலகிவிட்டது என்றும் சொல்லிவிட்டேன். பாட்டியின் முகம் வாடிவிட்டது. ஒன்றும் பேசாமல் கையை விட்டுவிட்டு நடந்தார். பணிவு என்று நான் எண்ணிச் செய்தது அந்த முதியவரின் மகிழ்ச்சியைப் பறித்துக்கொண்டது! எங்கள் பாடகர் குழுவை நடத்தும் அருட்சகோதரியிடம் இதைக் கூறி வருந்தினேன். அவர்கள் சிரித்துவிட்டு, இசைமேதை ஹைடன் என்ன செய்தார் என்று படித்துப் பார்க்கும்படி என்னை நூலகத்துக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே படித்தறிந்தவற்றையே தோழியருக்கும் பெரியோர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்திரிய நாட்டின் கிழக்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லைக்கு அருகில் ரோராவ் என்றொரு சிற்றூர். அங்கே 1732-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31-ஆம் நாள் யோசேப்பு ஹைடன் பிறந்தார். தந்தை மத்தியாஸ் வண்டிச்சக்கரம் செய்யும் தச்சர். தாய் அன்னா மரியா, மணமாவதற்கு முன் அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். தந்தைக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆயினும் நம் பழைய யாழைப் போன்ற ஹார்ப் என்னும் கருவியை, கேள்வி ஞானத்தைக் கொண்டே மீட்டுவார். வேலை முடிந்த மாலை வேளையில் அவர் மீட்ட, தாயும் பிள்ளைகளும் கூடிப் பாடுவார்கள். சிறுவன் யோசேப்பு இரண்டு குச்சிகளை எடுத்து, ஒன்றைத் தோளில் சாய்த்து மற்றொன்றை அதன்மேல் இழுத்து, வயலின் வாசிப்பதாகப் பாவனை செய்வானாம். தாளம் பிசகாமல் அவன் இழுப்பதைக் கண்ட உறவினர் ஒருவர், ஹைன்பர்க் என்னும் பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், தம்முடன் அழைத்துச் சென்றார். ஆறு வயதுப் பிள்ளையைப் பிரிய எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? ஆனாலும் மகன் குருவானவர் ஆகக்கூடும் என்ற ஆசையில் தாய் விடை கொடுத்தார்.

அந்த ஆசிரியர் வீட்டில் உணவைவிட அடியே மிகுதியாகக் கிடைத்ததாம். ஆயினும் வயலின், பாட்டு, பிற கருவிகள் யாவற்றுக்கும் அங்கேதான் அடிப்படை அமைந்தது. ஒருமுறை ஊர்வலத்தில் முரசு கொட்டுபவர் இறந்துவிட, அந்த வேலை சிறுவன் தலையில் விழுந்தது. அவன் மாவுக்கூடையின்மேல் துணியை விரித்து அடித்துப் பழகினான். நாற்காலி முழுவதும் மாவு! முதுமையில் ஹைடன் இந்த ஆசிரியரைப் பற்றி நன்றியோடுதான் பேசினார். தம் உயிலிலும் அவர் குடும்பத்தாரை மறக்கவில்லை.

வியன்னா நகரத்துப் புனித முடியப்பர் பேராலயத்தின் இசைத்தலைவர் ராய்ட்டர் என்பவர் நல்ல குரல்களைத் தேடி ஊர் ஊராக வந்தார். குரலை விரைவாக அதிரச் செய்யும் டிரில் என்னும் நுணுக்கம் தெரியுமா என்று சிறுவனைக் கேட்டார். தெரியாது என்றான். ஆசிரியருக்கே தெரியாதபோது தனக்கு எப்படித் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னான்! ராய்ட்டர் அருகில் அழைத்துச் செய்து காட்ட, இரண்டு மூன்று முயற்சிகளில் அவனுக்கு அது வந்துவிட்டது. மகிழ்ந்த ராய்ட்டர் தட்டிலிருந்த செர்ரிப் பழங்களை அவன் சட்டைப்பை நிறையக் கொட்டினார். ஹைடன் இசைக்காகப் பெற்ற பரிசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டிரில் பாடும்போதெல்லாம் அந்தப் பழங்கள் கண்முன் தெரிவதாக அவர் முதிய வயதிலும் சொல்லிச் சிரிப்பாராம்.

இவ்வாறு 1740-ஆம் ஆண்டில், எட்டு வயதில், பேராலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் தம்பி மிக்கேலும் வந்து சேர்ந்தான். காலம் செல்லச் செல்ல அண்ணனின் குரல் உடையத் தொடங்கிற்று. பேரரசி மரியா தெரேசா அதைக் கேட்டுவிட்டு, இந்தப் பையன் சேவல்போல் கூவுகிறான் என்று குறை கூறினார். 1748-ஆம் ஆண்டில் குளோஸ்டர்நாய்பர்க் மடத்துத் திருவிழாவில் அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி பாடினான். தேனாய் இனித்த அக்குரலைக் கேட்ட பேரரசி அவனை அழைத்து 24 தங்கக்காசுகள் பரிசளித்தார். நேற்றுவரை தன்னைப் பாராட்டிய அதே கூட்டம் இன்று தம்பியைப் பாராட்டுவதைப் பார்த்து நின்ற அந்தப் பதினாறு வயது அண்ணனை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. நம் வீடுகளில் ஒரு புதுச் சட்டைக்கே எவ்வளவு சண்டை! ஆனால் ஹைடனுக்குத் தம்பிமேல் கடைசிவரை அன்பு குறையவில்லை. பிற்காலத்தில் சால்ஸ்பர்க் நகரில் இசையமைப்பாளராய் விளங்கிய மிக்கேலின் ஆலய இசையை அவர் எப்போதும் உயர்வாகவே பேசினார்.

உடைந்த குரலோடு சேர்ந்தது ஒரு குறும்பு. முன்னால் நின்ற மாணவனின் பின்னலைக் கத்தரித்துவிட்டாராம். பிரம்படியும் கிடைத்தது, வேலையும் போயிற்று. 1749-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், மாற்றுடைகூட இல்லாமல் வியன்னாத் தெருவில் நின்றார். ஷ்பாங்ளர் என்ற ஏழைப் பாடகர், மனைவியும் கைக்குழந்தையும் உள்ள தம் சிறிய குடியிருப்பில் அவருக்கு இடம் கொடுத்தார்.

இக்காலத்தில் அவர் மரியாசெல் என்னும் மாதா திருத்தலத்துக்குத் திருப்பயணம் சென்றார். அங்கே பாடகர் குழுத் தலைவரிடம் தாம் எழுதிய பாடல்களைக் காட்டி, பாட வாய்ப்புக் கேட்டார். வியன்னாவிலிருந்து இப்படி எத்தனையோ பேர் வருவதாகக் கூறி அவர் விரட்டிவிட்டார். ஹைடன் விடவில்லை. மறுநாள் பாடகர்களோடு மேல்மாடத்தில் போய் நின்றுகொண்டார். தனிப்பாடல் வரும் சமயத்தில், பாட வேண்டியவரின் கையிலிருந்த தாளைப் பறித்துத் தாமே பாடிவிட்டார்! எல்லாரும் மூச்சை அடக்கிக் கேட்டார்களாம். விரட்டிய தலைவரே மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரத்துக்கும் மேலாக அவரை அங்கே தங்க வைத்து வயிறார உணவளித்தார். இதை நம் பாடகர் குழுவில் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று அருட்சகோதரி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த பத்தாண்டுகள் வறுமையும் உழைப்புமாகக் கழிந்தன. பழுது பார்க்காத பரண் அறையில் பழைய கிளேவியர் பெட்டியின் முன் அமர்ந்து பயின்றார். போர்ப்போரா என்ற இத்தாலிய இசையாசிரியருக்கு ஏவல் செய்து, அதற்கு ஈடாகப் பாடம் கற்றார். அவர் மனத்தில் இடம் பெற்றிருந்த தெரேசா கெல்லர் என்னும் பெண் இறையழைத்தல் பெற்றுக் கன்னியர் மடம் புகுந்தார். 1760-ஆம் ஆண்டில் ஹைடன் அவருடைய தமக்கையை மணந்தார். அந்த இல்லறம் இனிக்கவில்லை, பிள்ளைப்பேறும் இல்லை.

1761-ஆம் ஆண்டு மே முதல் நாள் ஹைடன் எஸ்தர்ஹாசி என்னும் செல்வச் சிற்றரசர் குடும்பத்தில் இசைப் பணியில் அமர்ந்தார். அந்த ஒப்பந்தத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வெண்ணிறக் காலுறையும் பொடி பூசிய தலைமுடியுமாக, சீருடையில் தூய்மையாகத் தோன்ற வேண்டும். நாள்தோறும் சிற்றரசரின் முன்கூடத்தில் காத்திருந்து, இன்று இசை தேவையா என்று கேட்டறிய வேண்டும். அனுமதியின்றிப் பிறருக்காக எதுவும் இயற்றக்கூடாது. உலகப் புகழ் பெற்ற மேதைக்கும் நம் பள்ளியைப் போலவே சீருடை!

சிற்றரசர் நிக்கோலாஸ் ஹங்கேரியின் சதுப்பு நிலத்தில் எஸ்தர்ஹாசா என்ற பெரும் அரண்மனையைக் கட்டினார். ஊர் உலகத்திலிருந்து வெகுதூரம். அங்கே பல ஆண்டுகள் ஹைடன் உழைத்தார். ஆனால் அந்தத் தனிமையைக் குறித்து அவர் பிற்காலத்தில் குறைபட்டுக்கொள்ளவில்லை. தம் இசையை எழுதிய உடனேயே வாசித்துப் பார்க்க ஓர் இசைக்குழு அவருக்கு இருந்தது. எது கேட்பவர் முகத்தை மலரச் செய்கிறது, எது வாட்டுகிறது என்று கவனித்துக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கெடுக்க வருபவரும் குழப்ப வருபவரும் இல்லாததால் தாம் புதுமை செய்தே தீர வேண்டியதாயிற்று என்று அவர் சொன்னாராம். பாராட்டை அவர் பாடமாகவும் எடுத்துக்கொண்டார் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

இசைக்குழுவினர் அவரை அப்பா ஹைடன் என்றே அழைத்தனர். 1772-ஆம் ஆண்டில் சிற்றரசர் கோடைகாலம் கடந்தும் ஊர் திரும்ப மனமில்லாமல் இருந்தார். மனைவி மக்களை விட்டு வந்த கலைஞர்கள் ஏங்கினர். நேரில் கேட்க யாருக்குத் துணிவு? ஹைடன் ஒரு சிம்பொனி எழுதினார். அதன் இறுதிப் பகுதியில் ஒவ்வொரு கலைஞரும் தம் பங்கை வாசித்து முடித்ததும், எதிரிலிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு, கருவியுடன் எழுந்து வெளியேறினார். கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல இசைத்து ஓய்ந்தன. சிற்றரசருக்குப் பொருள் விளங்கிற்று. மறுநாளே எல்லாரும் புறப்பட ஆணையிட்டார். அன்று அந்த மண்டபத்தில் எவ்வளவு கைதட்டல் எழுந்திருந்தாலும் இந்த ஆணைக்கு ஈடாகுமா?

கைதட்டலே கூடாத இசையையும் அவர் எழுதினார். ஸ்பெயின் நாட்டின் காடிஸ் நகரத்திலிருந்து, பெரிய வெள்ளித் தியானத்துக்காக, சிலுவையில் நம் ஆண்டவர் மொழிந்த ஏழு வாக்குகளுக்கு இசை வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். அங்கே சுவர்களையும் சாளரங்களையும் தூண்களையும் கருந்துணியால் மூடி, நடுவில் ஒரே ஒரு விளக்கை மட்டும் எரிய விடுவார்கள். ஆயர் மேடையேறி ஒரு வாக்கைச் சொல்லி விளக்கியபின், இறங்கிப் பீடத்தின்முன் முழந்தாளிடுவார். அந்த மௌனத்தை இசை நிரப்பும். இப்படி ஏழு முறை! கேட்பவர் சோர்ந்துவிடாமல் ஏழு மெதுவான பகுதிகளை அடுத்தடுத்து அமைப்பது எளிதாக இருக்கவில்லை என்று ஹைடனே கூறியிருக்கிறார். இருளில் முழந்தாளிட்டிருப்பவர் யார் தட்டப் போகிறார்கள்? ஆனாலும் தம் படைப்புகளில் இதை அவர் மிகவும் நேசித்தார்.

இசைச்சுவடிகளின் தொடக்கத்தில் ஆண்டவரின் பெயரால் என்றும், முடிவில் இறைவனுக்குப் புகழ் என்றும் இலத்தீனில் எழுதுவது அவர் வழக்கம். கற்பனை ஓடாமல் நின்றுவிட்டால், கையில் செபமாலையுடன் அறைக்குள் நடந்துகொண்டே சில மங்கள வார்த்தை செபங்களைச் சொல்வார். மீண்டும் கருத்துகள் வருமாம்.

1790-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிற்றரசர் நிக்கோலாஸ் மறைந்தார். லண்டனில் இசை நிகழ்ச்சிகள் நடத்திவந்த சாலமன் என்ற வயலின் கலைஞர் வியன்னாவுக்கே வந்து ஹைடனை அழைத்தார். அவருக்கோ 58 வயது, கடலைக் கண்டதில்லை, ஆங்கிலமும் தெரியாது. அருமை நண்பர் மோட்சார்ட் கண்ணீர் மல்கத் தடுத்தும், தம் மொழி உலகெங்கும் புரியும் என்று இசையைச் சுட்டிச் சொல்லிவிட்டு ஹைடன் புறப்பட்டார். 1791-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று, திருப்பலி கண்டபின் கப்பலேறி இங்கிலாந்தில் இறங்கினார்.

லண்டன் மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். மார்ச் 11-ஆம் நாள் நடந்த முதல் நிகழ்ச்சியிலேயே சிம்பொனியின் மெதுவான பகுதியை மறுபடியும் வாசிக்கும்படி கேட்டார்கள். ஜூலை மாதத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு இசை முனைவர் பட்டம் வழங்கிற்று. பட்டத்துக்காக மணியடிக்க ஒன்றரை கினி, அங்கிக்கு அரை கினி என்று அவர் தம் குறிப்பேட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அந்த அங்கியை அணிந்து மேடையில் தோன்றியதும் அவையோர் ஆரவாரம் செய்தனர். ஹைடன் என்ன செய்தார் தெரியுமா? நீண்ட பேச்சு ஒன்றும் இல்லை. அங்கியின் முன்பக்கத்தைக் கையால் பிடித்து உயர்த்திக் காட்டி, தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் நன்றி என்று மட்டும் உரக்கச் சொன்னார். நல்ல ஆங்கிலம் பேசுவதாக அவையிலிருந்து பதில் வந்ததாம்! இந்த இடத்தைப் படித்தபோதுதான் எனக்குத் திருவிழா நாள் நினைவுக்கு வந்தது. ஒரு நன்றி போதுமாயிருந்தது. அந்தப் பாட்டிக்கு நான் என் சுருதிக் கணக்கை ஒப்புவித்திருக்க வேண்டியதில்லை.

புகழ் வேண்டாம் என்று ஒதுங்கிய துறவியாக அவரை எண்ணிவிடக்கூடாது. 1792-ஆம் ஆண்டில், அவருடைய மாணவர் ப்ளெயலையே எதிர்த்தரப்பு இசைக்குழு போட்டிக்கு நிறுத்தியது. அந்தப் பருவத்தில்தான் மெல்லிய இசையின் நடுவே திடீரென்று இடிபோல் ஒலிக்கும் சிம்பொனியை ஹைடன் அரங்கேற்றினார். தூங்குகிறவர்களை எழுப்பத்தான் அப்படிச் செய்தாரா என்று பின்னாளில் ஒருவர் கேட்டபோது, அப்படியில்லை, புதுமையால் மக்களை வியக்க வைத்து மாணவரை விஞ்சிவிடவே விரும்பியதாக ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

அவர் பிறரைப் பாராட்டிய விதமும் அழகானது. 1785-ஆம் ஆண்டில் மோட்சார்ட்டின் தந்தையிடம், தாம் அறிந்த இசையமைப்பாளர் எல்லாரிலும் அவர் மகனே பெரியவர் என்று கடவுள் அறியச் சொன்னார். தம்மைவிட 24 வயது இளையவரைப் பற்றி, புகழின் உச்சியில் இருந்த ஒருவர் இப்படிச் சொல்வது எளிதா? லண்டனில் ஹாண்டலின் இசையைக் கேட்டுக் கண்ணீர் விட்டார். 1792-ஆம் ஆண்டில் புனித பவுல் பேராலயத்தில் தருமப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 4,000 ஏழைப் பிள்ளைகள் கூடிப் பாடினார்கள். வாழ்நாளில் எந்த இசையும் தம்மை இவ்வளவு உருக்கியதில்லை என்று ஹைடன் எழுதி வைத்தார். அப்பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தால்!

இரண்டாம் முறை லண்டன் சென்றிருந்தபோது, 1795-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஒரு விந்தை நிகழ்ந்தது. அன்று ஹைடன் மேடைக்கு வந்ததும் அவரை அருகில் காணும் ஆவலில் மக்கள் இருக்கைகளை விட்டு முன்னால் நெருங்கினார்கள். நடு அரங்கம் வெறுமையாயிற்று. அடுத்த கணம், மேலே தொங்கிய பெரிய சரவிளக்கு அந்த வெற்று நாற்காலிகளின்மேல் விழுந்து நொறுங்கிற்று! ஓரிருவருக்குச் சிராய்ப்பு, உயிர்ச்சேதம் இல்லை. அதிர்ச்சி நீங்கியதும் பலர் புதுமை, புதுமை என்று கூவினார்கள். ஹைடனுக்கோ மேனி சிலிர்த்தது. முப்பது பேராவது உயிர் தப்பத் தம்மை ஒரு கருவியாக்கிய இறைவனுக்கு நன்றி செலுத்தினார்.

வியன்னா திரும்பியபின், 64 வயதில் 'படைப்பு' என்னும் மாபெரும் இசைக் காவியத்தைத் தொடங்கினார். ஆதியாகமத்தில் இறைவன் உலகைப் படைத்த வரலாறே அதன் பொருள். நாள்தோறும் முழந்தாளிட்டுச் செபித்த பின்பே எழுதினார். 1798-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஒரு பிரபுவின் மாளிகையில் அது முதன்முதலாக இசைக்கப்பட்டது. ஒளி உண்டாகும் இடத்தை மட்டும் நெருங்கிய நண்பர்களுக்குக்கூட அவர் முன்னதாகக் காட்டவில்லை. இருள் சூழ்ந்த மெல்லிய இசையிலிருந்து திடீரென்று குரல்களும் கருவிகளும் ஒருசேரப் பொங்கி எழ, கூட்டம் தன்னை மறந்தது. சில நிமிடங்கள் வாசிப்பைத் தொடரவே முடியவில்லை. மறு ஆண்டில் மார்ச் 19, அவருடைய பாதுகாவலர் சூசையப்பர் திருநாளன்று, அது முதன்முறையாகப் பொதுமக்கள் முன் அரங்கேறிற்று. பிறகு ஐரோப்பாவெங்கும் பரவிற்று.

பாராட்டுகள் குவிந்தன. பாரிசின் இசைக்கலைஞர்கள் தங்கப் பதக்கம் அடித்து அனுப்பினார்கள். இங்கிலாந்தில் காலுறை நெய்விக்கும் ஒருவர், ஹைடனின் மெட்டுகளைப் பின்னலில் வரைந்த ஆறு சோடிக் காலுறைகளைப் பரிசாக அனுப்பினார். போர்க்குழப்பத்தில் அவை வந்து சேரவில்லை என்பர். பாவம், அணிந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை! முதுமையில் தம்மைக் காண வருபவர்களுக்கு ஹைடன் பதக்கப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டுவார். இவை கிழவர்களின் விளையாட்டுச் சாமான்கள் என்று சொல்லிக்கொண்டே, அவற்றைப் பார்க்கும்போது சில நிமிடம் இளமை திரும்புவதாகவும் சொல்வார்.

ஆனால் இவற்றையெல்லாம்விட ஒரு சிறிய கடிதம் அவரை மிகவும் தொட்டது. பால்டிக் கடலிலுள்ள ரூகன் தீவில் பெர்கன் என்னும் சிற்றூர். அங்குள்ள இசை ஆர்வலர்கள் சிலர் தாங்களாகவே கூடி 'படைப்பு' இசையை நிகழ்த்திவிட்டு, கிடைத்த மகிழ்ச்சிக்கு நன்றி கூறி 1802-ஆம் ஆண்டில் அவருக்கு எழுதினார்கள். ஹைடன் செப்டம்பரில் பதில் எழுதினார். உடலும் உள்ளமும் சோர்ந்து, ஏற்ற பாதையில் தொடர்ந்து செல்ல முடியாமல் தவித்த வேளைகளில், தம்முள் ஒரு மெல்லிய குரல் கேட்டதாக அதில் சொல்கிறார். இவ்வுலகில் மகிழ்ச்சியும் நிறைவும் உள்ளவர்கள் மிகச் சிலர். துயரமும் கவலையும் எங்கும் அவர்களைத் தொடர்கின்றன. கவலையால் பாரம் சுமந்தவர் யாரேனும் உன் உழைப்பில் சில நொடிகளாவது இளைப்பாறக்கூடும் என்று அக்குரல் கூறியதாம். அது வீணாகவில்லை என்று அவர்கள் கடிதத்தால் அறிந்துகொண்டதாகவும் எழுதினார். நான் இந்தப் பகுதியை மூன்று முறை படித்தேன். அந்தப் பாட்டி என்ன பாரத்தோடு ஆலயத்துக்கு வந்திருந்தாரோ?

1803-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், வியன்னாவின் புனித மாற்கு மருத்துவமனையின் ஏழைகளுக்காக நடந்த நிகழ்ச்சியே ஹைடன் கடைசியாக நடத்தியது. அதன்பின் உடல் தளர்ந்துவிட்டது.

1808-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், அவருடைய 76-ஆம் பிறந்தநாளையொட்டி, வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் 'படைப்பு' இசைக்கப்பட்டது. எஸ்தர்ஹாசி குடும்பத்து வண்டி அவரை ஏற்றி வந்தது. சாய்வு நாற்காலியில் அமர்த்தித் தூக்கி வந்தபோது, எக்காளமும் முரசும் முழங்க, பிரபுக்களும் கலைஞர்களும் எழுந்து நின்றனர். குளிர்காற்று படாதிருக்கச் சிற்றரசரின் துணைவியார் தம் சால்வையை அவர்மேல் போர்த்த, மற்றப் பெண்மணிகளும் தத்தம் சால்வைகளைக் கொண்டுவந்து போர்த்தினார்களாம். சலியேரி இசைக்குழுவை நடத்தினார். ஒளி பிறக்கும் இடம் வந்தது. மண்டபமே அதிரக் கைதட்டல் எழுந்தது. அந்த முதியவர் நடுங்கும் கைகளை மேலே உயர்த்தி, இது தம்மிடமிருந்து வந்ததன்று, அங்கிருந்தே வந்தது என்று வானத்தைச் சுட்டிக் காட்டினார். கண்களில் கண்ணீர் வழிந்தது. உணர்ச்சிப் பெருக்கை அவர் உடல் தாங்காது என்று அஞ்சி, முதற்பகுதி முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துச் செல்ல முற்பட்டார்கள். ஒருகாலத்தில் அவரிடம் பாடம் கேட்டு, மனத்தாங்கலும் கொண்டிருந்த பீத்தோவன் குனிந்து அவர் கையை முத்தமிட்டார். வாசலை அடைந்ததும் நாற்காலியை அவையை நோக்கித் திருப்பச் சொல்லி, ஹைடன் இரு கைகளையும் உயர்த்தி எல்லாருக்கும் ஆசி வழங்குவதுபோல் விடைபெற்றார்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் நெப்போலியனின் படை வியன்னாவைத் தாக்கிற்று. ஹைடன் வீட்டருகே குண்டு விழுந்து சாளரங்கள் அதிர்ந்தன. பணியாளர் நடுங்கினர், தாம் இருக்கும் இடத்தில் தீங்கு வராது என்று அவர் தைரியம் சொன்னார். நகரம் வீழ்ந்தது. நாள்தோறும் அவர் தள்ளாடி எழுந்து, 1797-ஆம் ஆண்டில் தம் நாட்டுக்காக அமைத்த மன்னர் வாழ்த்தைக் கிளேவியரில் வாசித்துவந்தார். இன்று அந்த மெட்டில்தான் ஜெர்மனியின் தேசியகீதம் பாடப்படுகிறது.

அந்நாள்களில் ஒரு பிற்பகலில், பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். பகைநாட்டு வீரர்! ஆனால் அவர் வந்தது ஹைடனைக் காணத்தான். கிளேவியரின் அருகில், 'படைப்பு' காவியத்தில் மனிதன் உருவாவதைச் சொல்லும் பாடலை அவர் கணீரென்று பாடினார். கிழவருக்கு ஆனந்தக் கண்ணீர் பெருகிற்று. இதுவரை இப்பாடலை இவ்வளவு சிறப்பாக யாரும் பாடிக் கேட்டதில்லை என்று சொல்லி அவரைத் தழுவிக்கொண்டார். அதிகாரியும் கண்கலங்கினார். பிறகு குதிரையேறிப் போர்க்களம் நோக்கிப் போய்விட்டார்.

மே 31-ஆம் நாள், நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில் ஹைடன் அமைதியாக உயிர் நீத்தார். ஊர் பகைவர் பிடியில் இருந்ததால் அடக்கம் எளிமையாக நடந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 15-ஆம் நாள், நகரத்து ஆலயம் ஒன்றில் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. வியன்னா மக்களும் பிரெஞ்சு அதிகாரிகளும் ஒன்றாக நின்றார்கள். அன்று அங்கே பாடப்பட்டது மோட்சார்ட் எழுதிய இரங்கற்பா இசை.